ஊசி அக்காவின் முதல் ஊசி

சர்க்கரை நோய்ப் பிரிவின் சலியாத தலைமைச் செவிலியே! அஞ்சி வந்தோரை அதட்டி அமர்த்தி, அதட்டிய கையோடு ஆறுதலும் அளித்த அன்னையே! மருத்துவர் முதல் காவலாளி வரை எங்கள் அனைவருக்கும் 'ஊசி அக்கா' ஆனவரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், தங்களோடு உழைத்த நாங்கள், வெளியார் எவருமில்லாத இந்தப் பயிற்சி அறையில், தங்கள் முகத்துக்கு நேரே இம்மடலை வாசிக்கின்றோம். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டுகிறோம்.

இன்சுலின் எல்லாம் ஒன்றே என எண்ணி வந்தோருக்கு, ஒவ்வொன்றின் குணத்தையும் வீட்டு ஆளின் குணம்போல விளக்கிய வித்தகரே! விரைந்து வேலை செய்யும் இன்சுலினைக் காட்டி, "இவன் அவசரக்காரன். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வந்தப்புறம் கூப்பிடு. இல்லன்னா உன்னையே சாப்பிட்டுருவான்" என்பீர்கள். ஊசி போட்டபின் உணவு தாமதித்து, சர்க்கரை சரிந்து, வேர்த்து நடுங்கி வந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கலங்கலான நடுத்தர இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக்கொண்டே, "இவன் தூங்குமூஞ்சி. காலையில எழுப்பினா மத்தியானம்தான் வேகம் எடுப்பான். அப்ப பட்டினி கிடக்காத" என்பீர்கள். நாள் முழுதும் நீடிக்கும் இன்சுலினோ தங்கள் செல்லப்பிள்ளை: "இவன் வாட்ச்மேன். நீ சாப்பிட்டியா இல்லையான்னு கேக்க மாட்டான். தினமும் ஒரே நேரத்துக்கு டூட்டியில விட்டா போதும்." நம் மருந்தாளுநருக்குத் தூங்குமூஞ்சி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் இந்த வகுப்பில்தான். அவர் இன்னும் தங்களை மன்னிக்கவில்லை.

கனிவிலும் கண்டிப்பிலும் கரை கண்டவரே! "மொத ஊசிய என் கண்ணு முன்னாடி போட்டுக்காம யாரும் இந்த வாசலத் தாண்டக் கூடாது" என்பது தாங்கள் இயற்றிய சட்டம். கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்ட வங்கி மேலாளரை வெளியே வரவழைத்து, "திருட்டுத்தனமா பண்ற காரியமா இது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டதும் தாங்களே. இந்த இரண்டையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனெனில் ஓராண்டாகத் தங்கள் இரத்தச் சர்க்கரையும் மாத்திரைகளுக்கு மசியவில்லை. நம் மருத்துவர் தங்களுக்கும் வாட்ச்மேனை எழுதிக் கொடுத்தார். "ரிட்டயர் ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றீர்கள். சென்ற வாரம் தங்கள் கணவர் இங்கு வந்தார். "மருந்த பத்திரமா ஃப்ரீசர்லதாங்க வெச்சிருக்கா. எப்ப போடப் போறான்னுதான் தெரியல" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். உறைந்த இன்சுலின் உதவாது என்று ஊருக்கெல்லாம் உரைத்தவரே, அது கை தவறி அங்கே போயிற்று என்று நம்ப இங்கே ஒருவரும் இல்லை! ஆறாத கால் புண்களுக்கு நாளெல்லாம் கட்டுப் போட்ட தங்களுக்கு, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

ஆகவே பிரிவுப் பரிசாகக் கைக்கடிகாரம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். மேசைமேல் பளபளக்கும் காகிதத்தில் பொதிந்திருப்பது புதிய இன்சுலின் பேனா. அளவைக் குறித்துத் தந்த மருத்துவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேனே" என்று சொல்ல இப்போது வாயெடுப்பீர்கள். வாட்ச்மேன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டான் என்பது தங்கள் பாடம். விருந்து ஆறினாலும் பரவாயில்லை.

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது மரபு. நோய் முந்திக்கொண்டதால், அதனோடு மல்லுக்கட்டியே நூறாண்டு வாழ்க! கண்ணும் காலும் சிறுநீரகமும் கடைசிவரை தங்கள் சொல் கேட்டு நடக்க! இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஊசிக்குப் பிறகு தருவோம். கைதட்டலும் அப்போதுதான்.

வாசல் சாத்தியிருக்கிறது. தங்கள் கணவர்தான் காவல். உட்காருங்கள், அக்கா. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட,
சர்க்கரை நோய்ப் பிரிவுப் பணியாளர்கள்