சேலையின் மறுமுனை

தென்காசியிலிருந்து கடையம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, உள்ளங்கையெல்லாம் நீலச் சாயம்.

"மொத நாளு கிளாஸுக்குள்ள போனா பிள்ளைக எல்லாம் எந்திரிச்சு நின்னுச்சுவ மதினி, டீச்சர்னு நெனச்சு."

மதினி சிரித்தார். "அப்ப நீயே பாடம் எடுத்திருக்க வேண்டியதானட்டி!"

"இப்பம் ஆன்ட்டிங்குதுவ. பக்கத்துல ஒண்ணும் உக்காராது."

"சாயம் முக்குன சேலையப் பிழிய ரெண்டு பேரு வேணும்லா? மறுமுனைய யாரு பிடிக்கா?"

"சன்னல் கம்பியில கெட்டிக்கிடுதேன்."

மதினி அவருடைய நீல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழம சாயம் போடுத பரீட்ச. பாஸானாத்தான் சொந்தமா சாயப்பட்டறை வைக்க முடியும்."

"அன்னைக்கு என்ன செய்வ?"

"சன்னலோரமா எடம் தாங்கன்னு சார்கிட்ட இப்பமே சொல்லி வச்சிட்டேன்."