மோட்டார் ஓஸும் வயிற்றுக் குழாயும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். யாருடைய நோயைப் பற்றிக் கேட்டாலும் அது எனக்கும் இருப்பதாகத் தோன்றும். இதுவரை பிரசவ வலி ஒன்றுதான் பாக்கி. கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டு விவசாயி, மடியில் ஸ்கேன் கவரை வைத்திருந்த தன் மனைவியிடம் கேட்டார்:

“ரிப்பேரு வயித்துல. தொடையில இன்னாத்துக்கு ஓட்ட போடறாங்களாம்?”

“நெஞ்சுலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழா வயித்துல உப்பிக்கினு இருக்குதாம். தொட வழியா வுட்டு, அதுக்குள்ளயே இன்னொரு குழாய வெப்பாங்களாம்யா.”

“கல்லு இருக்குதான்னு பாக்கத்தான போனோம்? குழா எங்கேர்ந்து வந்துச்சி? எனக்கு வலியே இல்லியே.”

“வலி வந்தப்பறம் வந்தா லேட்டுன்னாரே டாக்டரு.”

“உப்புனா மேல சுத்திக் கட்டணும்டி. நம்ம மோட்டார் ஓஸு உப்புனப்ப சைக்கிள் டியூப்ப கிழிச்சி இறுக்கிக் கட்டுனேன். ரெண்டு வருசம் தண்ணி பாயல?”

“பாஞ்சிச்சி. அப்பறம் வெடிச்சிச்சி. நீ ஓடிப்போய் மோட்டார நிறுத்துன. இது வெடிச்சா நெஞ்ச எவன்யா போய் நிறுத்துவான்?”

அவர் மனைவியின் மடியிலிருந்த ஸ்கேன் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “எப்ப வரச் சொன்னாங்க?” என்றார்.

“திங்கக்கிழம.”

“போவலாம்.”

இதற்குள் என் வயிற்றிலும் ஏதோ துடிக்க ஆரம்பித்திருந்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கராபுரத்தில் இறங்கும்போது அந்த அம்மாள் திரும்பி என்னிடம் சொன்னார்: “பயப்படாதீங்க சார். உங்களுது வெறும் தொப்பதான்.”