ஒரே நாளில் நகர்ந்த ஃபைல்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், காலை ஒன்பதரை மணிக்கு, என் முன் சீட்டில் சாப்பாட்டுப் பையோடு ஒரே ஆபீஸைச் சேர்ந்த இருவர். இருவருமே செல்போனில் குதிரைப் பந்தயம் பார்ப்பவர்கள். அவர்கள் கொண்டாடும், பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி முப்பத்தைந்து வயதிலேயே ஓய்வு அறிவித்துவிட்டாராம்.

“அவனை நெனச்சா எனக்கு வயிறு எரியுதுங்க,” என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

“ஏன் சார்? எடை ஏறக்கூடாதுன்னு இத்தனை வருஷம் அரை வயித்துக்குத்தான் சாப்பிட்டான். இனிமேலாவது நாலு இட்லி சாப்பிடட்டுமே,” என்றார் கண்ணாடிக்காரர்.

“நல்லா சாப்பிடட்டும். ஆனா கமெண்ட்ல பாருங்க, ‘போகாதண்ணே, இன்னும் ஒரு சீசன்’னு எத்தனை பேர் கெஞ்சுறாங்க!”

“நீங்களும்தான் போட்டிருக்கீங்க.”

“போட்டேன். நான் போன திங்கக்கிழமை விருப்ப ஓய்வுக்கு லெட்டர் குடுத்தேனே, ‘என்ன சார் அவசரம்’னு ஒருத்தர் கேட்டீங்களா? சூப்பிரண்டு அன்னைக்கே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டார்.”

“அன்னைக்கேவா? என் மெடிக்கல் லீவு ஃபைல் எட்டு மாசமா அவர் மேஜையிலதான் கிடக்கு. குடுத்து வெச்சவர் சார் நீங்க!”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. வழுக்கைத் தலைக்காரர் மெல்லக் கேட்டார்: “அந்த லெட்டரை வாபஸ் வாங்க முடியுமாங்க?”

“தாராளமா. மூணு மாச நோட்டீஸ் முடியறதுக்குள்ள வாபஸ் மனு மேல போய்ச் சேரணும். சூப்பிரண்டு வழியா.”

அந்த மனு எத்தனை மாதம் மேஜையில் கிடக்கும் என்று அவர் கேட்கவில்லை.