வெயிலில் அழிந்த மஞ்சள்

மேடையிலிருக்கும் இயக்குநர் அவர்களே, இடி விழுந்தாற்போல் உட்கார்ந்திருக்கும் மேடத்தின் கணவர் அவர்களே, கடைசி வரிசையில் மகளோடு வந்திருக்கும் அம்மா அவர்களே, ஆய்வகத் தோழர்களே! வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேடம் என்னைத் திட்டினார். மூன்றரைக்கு மாடிப்படியில் சரிந்தார். இதயம் நின்றுவிட்டதாம். நிற்குமா? நம் பேராசிரியரின் இதயமா? எப்படி ஐயா நம்புவது!

அடிபட்டுக் கன்றிய இடம் பச்சையாகி, மஞ்சளாகி ஆறுகிறதே, ஏன்? இரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற ஹீமை ஒரு நொதி உடைக்கிறது. முதலில் பச்சை, அப்புறம் பிலிருபின் என்கிற மஞ்சள். அந்த நொதிக்கான மரபணு பழுதானால், உடைபடாத ஹீம் உடம்பையே அரித்துவிடும். அந்த ஒரு மரபணுவோடு இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டியவர் யார்? நம் மேடம்! மாணவர்கள் 'மஞ்சள் மேடம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "பச்சைன்னு வெச்சிருந்தா பாதி வேலைதான் முடிச்சேன்னு ஆயிடும், இதுவே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

போன மாதம் இந்த அம்மாவின் மகளுடைய வெள்ளணுக்களைப் பரிசோதித்தோம். ஹீமைக் கொடுத்தும் மஞ்சள் வரவேயில்லை. மரபணு பழுது என்று சொல்லிவிட்டோம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள்தான் மேடம் கண்டுபிடித்தார்: சோதனைக் குழாய்கள் வெயிலில் இருந்திருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் அழிந்துபோகும். நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரிந்த பாலபாடம் அது.

மேடம் இந்த அம்மாவின் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். "தப்பு என்னோடது. ஜன்னல் திரையை நான்தான் திறந்து வெச்சேன். பொண்ணுக்கு இன்னொரு தடவை ஊசி குத்தணும், மன்னிச்சிடுங்க" என்றார். இயக்குநருக்கும் அதையே எழுதிக் கொடுத்தார்.

பொய்! திரையைத் திறந்தவன் நான். குழாயில் எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை என்று திறந்தேன், மூட மறந்தேன். பத்தொன்பது வருட அனுபவசாலி, பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை அவர் திட்டியது இதற்குத்தான். "நீங்களா போய் அந்தம்மாகிட்ட சொல்வீங்கன்னு ஒரு மாசமா பாக்கறேன். இன்னும் எத்தனை நாள்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அம்மா, சபையறியச் சொல்கிறேன், தப்பு என்னுடையது. மறுபரிசோதனைக்காக உங்கள் மகளிடம் போன வாரம் எடுத்த இரத்தம் பத்திரமாக இருக்கிறது. மேடம் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்வோம், இது உறுதி! ஆனால் அந்தக் குழாயை நான் தொடலாமா, வேண்டாமா? அதை இயக்குநர் சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம்.