பார்த்ததை மட்டும்தான் எழுதணுமாம்

இல்ல மேடம், நீங்க என் பொண்ணுக்குக் குடுத்த கவிதைப் புக்கைத் திருப்பிக் குடுக்க வரல. புக்கு மேல ஒரு குறையும் இல்ல, படம் ஒவ்வொண்ணையும் கண்ணுல ஒத்திக்கலாம். சனிக்கிழமை கிளாஸ்ல நீங்க புள்ளைங்களுக்கு ஒரு ரூல் போட்டீங்க பாருங்க, ஜப்பான்காரங்க கவிதை மூணே வரி, அதுவும் நேர்ல பார்த்ததை மட்டும்தான் எழுதணும்னு? அந்த ரூலை எடுத்துடுங்க. அதைக் கேக்கத்தான் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்திருக்கேன்.

யாரோட அப்பாவா? ரெட்டைச் சடை, முன்பல் ரெண்டும் இருக்காது... ஆங், அவதான். கேள்வி கேட்டே ஆளைக் கொல்றவ.

சிரிக்காதீங்க. புக்குல முதல் படம் நத்தை. அதைப் பத்தி எழுதணும்னு பாத்ரூம்ல ஒரு நத்தை முன்னாடி போய் உக்காந்துட்டா. அது என்ன ஆட்டோவா, சட்டுனு கிளம்பிப் போக? அது சுவர் ஏறி முடிக்கிற வரைக்கும் நான் குளிக்கக் கூடாதாம். தண்ணி சத்தத்துல பயந்து தலையை உள்ள இழுத்துக்குமாம். அன்னிக்குக் குளிக்காமதான் கடைக்குப் போனேன்.

அதுகூடப் பரவால்ல. அடுத்த பக்கத்துல பனி கொட்டுது! இந்த ஊர்ல பனிக்கு நான் எங்க போவேன்? டிவில காட்டினேன். படத்துல பார்த்தது செல்லாதாம், மேடம் சொல்லிட்டாங்களாம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடைல ஒரு கஸ்டமரோட ஃபிரிட்ஜை சரி பண்ணி ராத்திரியெல்லாம் ஓட விட்டிருந்தேன், உள்ள வெள்ளையா உறைஞ்சிருந்துச்சு. இவ ஸ்டூல் போட்டு ஏறி, ஃப்ரீசருக்குள்ள தலையை விட்டுட்டா. அந்த நேரம் பார்த்து அந்த மனுஷன் உள்ள வர்றார். என்னப்பா இதுன்னார். புள்ள குளிர்காலம் பாத்துட்டிருக்கு, கொஞ்சம் உக்காருங்க சார்னேன். உக்காந்துட்டார் மேடம்! அவ எழுதி முடிச்சதும் வாசிக்க வேற சொன்னார். மூக்கு மட்டும் வேற ஊருக்குப் போச்சு, காது இங்கேயே நிக்குது, நடுவுல நான்னு வாசிச்சா. அவர் கைதட்டிட்டுப் போயிட்டார். ஃபிரிட்ஜை மறந்துட்டார்.

பூ உதிர்றதைப் பார்க்கணும்னு டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு ஃபேன் ரெக்கை மேல வெச்சு சுவிட்சைப் போட்டா. வீடெல்லாம் குப்பை. எழுதியும் முடிச்சா. அப்புறம் எழுதினதையெல்லாம் தானே கோடு போட்டு அடிச்சுட்டா. ஏண்டீன்னா, அது பேப்பர்தானேப்பா, பூ இல்லையேங்கறா. அப்படி ஒரு நேர்மை. என்கிட்டேருந்து வரல, அது நிச்சயம்.

குப்பையைக் கூட்டறது எனக்குப் பழகிப் போச்சு மேடம், அதுக்கு வரல. நேத்து சாப்பிடும்போது சும்மாதான் கேட்டேன். நத்தைக்கு எழுதின, ஃப்ரீசருக்கு எழுதின, உங்க அம்மாவுக்கு ஒண்ணு எழுதேன்னு. முடியாதுப்பா, நான் பார்க்கலையேன்னுட்டா. ஆமா மேடம், இவ அம்மா இவ பொறந்த அன்னிக்கே தவறிட்டா. ஃபோட்டோ இருக்கேடான்னேன். படம் செல்லாதுன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு என்னையே அதட்டறா. அவ பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்து, நீதான் பார்த்திருக்கியே, நீ எழுதுன்னு பென்சிலை என் கைல திணிச்சுட்டுப் போயிட்டா.

எழுத உக்காந்தேன்.

புள்ளைங்க ரூலை எடுக்க முடியாதுன்னா விடுங்க, அது உங்க இஷ்டம். எனக்கு மட்டும் வரி கொஞ்சம் கூட்டிக் குடுங்க மேடம். மூணுல முடியல.