அந்தோனியார் கையில் இல்லாத பாலன்

டெல்ஃபினா: மெதுவாத் திருப்புடி மாயெலா. அந்தோனியார் சிலையோட மூக்கு ஏற்கெனவே ஒட்டுப் போட்டது.

மாயெலா: நாலு வருஷமா சுவரைப் பார்த்து நிக்கிற மனுஷன்... மூக்கு இருந்தா என்ன, போனா என்ன?

டெல்ஃபினா: அம்மா சட்டம் அது. நாம தப்பு பண்ணா செருப்படி. சாமி பண்ணா மூலை.

மாயெலா: கிண்டல் அப்புறம். அந்தப் பழைய சோளமாவு டப்பாவை இறக்கு. அவர் கையிலேர்ந்து பிடுங்கின பாலன் இயேசுவை அம்மா அதுலதான் ஒளிச்சிருக்காளாம். திருப்பி வச்சு, ரெண்டையும் ஆஸ்பத்திரிக்கு அம்மாகிட்ட கொண்டு போகணும்.

டெல்ஃபினா: காலையிலேர்ந்து இருபது ஓட்டல் ரூம் பெருக்கித் துடைச்சுட்டு வந்திருக்கேன். முதுகே இல்லை. ஆபரேஷனுக்கு டாக்டர் போதாதா?

மாயெலா: கோயில் பக்கமே போகாதவளுக்கு என்ன தெரியும்!

டெல்ஃபினா: இது தெரியும். எல்லை தாண்டப் போன தம்பி எஃப்ரேன் நொகாலஸ் பக்கம் பாலைவனத்துல காணாமப் போன வாரம், அம்மா இதே இடத்துல நின்னு இவர்கிட்ட கத்தினா. "என் பிள்ளையைக் கொடு, உன் பிள்ளையைத் தரேன்"னு. பாதர் சொல்லியே கேக்கலை. இப்ப மட்டும் எப்படி மனசு இரங்கினா?

மாயெலா: ...டப்பாவை இறக்குக்கா.

டெல்ஃபினா: என்னைப் பாருடி.

மாயெலா: எஃப்ரேனைப் பார்க்காம மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன்னுட்டா. டாக்டர் இனிமே தள்ள முடியாதுங்கிறார். அதான்... அவன் போன் பண்ணான்னு சொல்லிட்டேன்.

டெல்ஃபினா: ஐயோ, பாவி...

மாயெலா: எங்கேயோ உயிரோடதானே இருக்கான்? ஒருநாள் பண்ணத்தானே போறான்? நான் கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

டெல்ஃபினா: அந்த டப்பாவைத் தொடாதேடி.

மாயெலா: நகரு, நானே இறக்கறேன்... இதுல வெறும் மாவுதான் இருக்கு! அக்கா, நீ எடுத்தியா? குப்பையில போட்டுட்டியா?

டெல்ஃபினா: சந்தையில வேற பாலன் வாங்கிக்கலாம்.

மாயெலா: அதோட கால் விரலை எஃப்ரேன் சின்னதுல கடிச்சு வச்சிருக்கான். அம்மா தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா. எங்கே வச்சே, சொல்லித் தொலை!

டெல்ஃபினா: உட்காரு... போன வருஷம் மூணு நாள் வெளியூர் வேலைன்னு போனேனே, அது வேலை இல்லடி. பிணவறையிலேர்ந்து கூப்பிட்டிருந்தாங்க. பல்லை வச்சு அவன்தான்னு சொன்னாங்க. சவப்பெட்டியை மூடறப்போ என்னைத் தவிர ஆளில்லை. தனியா அனுப்ப மனசு வரலை... அவன் கை இருக்க வேண்டிய இடத்துல, இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயிருந்த அந்தப் பாலனை வச்சுட்டு வந்தேன்.