நான் வழக்குப் போட்ட தலைவருக்கு நன்றி

நான் வழக்குப் போட்டிருந்தும் என் அழைப்பை ஏற்று, இந்த அவைக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் சங்குமேட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் தாமோதரன் அவர்களே! வலையிழுத்துக் கை காய்த்த பெரியோர்களே! வாசனைப் பூவும் வாய்நிறையச் சிரிப்புமாய் வந்திருக்கும் தாய்மார்களே! எண்ணூர் ஆலை வேலை முடித்து, உறங்கப் போகாமல் இங்கே ஓடி வந்த தம்பிமார்களே! உங்கள் ஸ்டானிஸ்லாசின் வணக்கம்.

அறுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். நானே எழுதி, நானே படிக்கிறேன். மெதுவாகத்தான் வரும், பொறுத்தருளுங்கள்.

போன மழைக்கு முன், குழாய் புதைக்க நம் தெருவிலே பஞ்சாயத்து ஆட்கள் குழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் போய்விட்டார்கள். விளக்கு வைத்தார்களா? வேலி கட்டினார்களா? விடியலில் மீனெடுக்கப் போன என் மனைவி சிலுவையம்மாள் அதிலே விழுந்தாள். கால் முறிந்தது. கூடை சுமந்து எங்கள் குடும்பத்தைக் காத்த கால்!

வழக்குப் போடுகிறேன் என்றேன். "இன்னா நைனா, பஞ்சாயத்து மேலயே கேஸா? கொழாத்தண்ணிய நிறுத்திட்டா இன்னா பண்ணுவே?" என்றார் ஒருவர். அதோ, சிரிக்கிறாரே எத்திராஜ், அவரேதான்! உன்னைத்தான் சொல்கிறேன், தலையைக் குனியாதே!

நீதிமன்றத்தில் பஞ்சாயத்தின் வக்கீல் முழங்கினார்: "குழியருகே கழி நட்டு, சிவப்புத் துணி கட்டி எச்சரித்திருந்தோம்." துணி இருந்தது உண்மை. கட்டியது யார்? எப்போது?

சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டு ராஜாத்தி கூண்டிலிருந்து கத்தினாள்: "அய்யே, அது எம்பொடவைங்க! அக்கா வியுந்த பொறவு நாந்தான் கிழிச்சுக் கட்னேன். மீதி வூட்ல கீது, எத்தாந்து காட்டட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை; தலைவரைப் பார்த்தார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, நம் தலைவர் எழுந்தார். "அந்தத் துணி எங்களுடையது அல்ல" என்றார். தோற்போம் என்று தெரிந்தே சொன்னார்! இந்தப் பூமாலை அதற்குத்தான், ஐயா!

பிழை பஞ்சாயத்துடையது, வைத்தியச் செலவும் பஞ்சாயத்துடையது என்று தீர்ப்பானது.

பஞ்சாயத்தின் மேல் வழக்குப் போடலாமா? போடலாம்! வரி கொடுக்கும் கைக்கு வழக்குத் தொடுக்கவும் உரிமை உண்டு! அது பகையா? இல்லை, பதில் கேட்பது! பதில் சொன்னால் பஞ்சாயத்து சிறுமைப்படுமா? பெருமைப்படும்!

இந்தப் பந்தலுக்குப் பின்னால் நேற்று புதுக்குழி வெட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் சவுக்குக்கழி வேலி, அரிக்கேன் விளக்கு, காவலுக்கு ஓர் ஆள். அந்த வழியாகத்தான் சிலுவையம்மாள் யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சாட்சி சொன்ன ராஜாத்திக்கும், உண்மை சொன்ன தலைவருக்கும், கேட்டிருந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீடு திரும்பும்போது எல்லோரும் தலை நிமிர்ந்தே நடந்து போங்கள். வணக்கம்!